கேம் துறையில் வேலை: தர்மபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூருவில் ஒரு கேம் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம், இப்போது குடியிருப்பது ஓசூரில். ஊருக்குப் போனால் உறவுக்காரப் பிள்ளைகள், அவர்களுடைய நண்பர்கள், பள்ளி ஆசிரியர்கள், சில நேரம் பெற்றோர் என்று யாராவது இந்தத் துறையைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று, அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

நான் கேம் சூப்பரா ஆடுவேன்க்கா. அதை வெச்சே வேலை கிடைச்சிடுமா?

ஆடத் தெரிந்திருப்பது உதவும். ஆனால் அதற்காக மட்டும் யாரும் சம்பளம் தர மாட்டார்கள். போட்டிகளில் ஆடிச் சம்பாதிப்பது இ-ஸ்போர்ட்ஸ். அது விளையாட்டு வீரர்களின் வாழ்க்கை, நிலைத்து நிற்பவர்கள் மிகச் சிலர். யூடியூபில் ஆடிக் காட்டுவது இன்னொரு தொழில். நான் இங்கே பேசுவது கேமைச் செய்கிறவர்களின் வேலையைப் பற்றி.

உங்களுக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஆடும்போது ஜெயிப்பதைத் தாண்டி உங்கள் மனம் எங்கே போகிறது என்று கவனியுங்கள். இந்தக் கதவை ஏன் இங்கே வைத்தார்கள், அந்த எதிரி ஏன் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சுடுகிறான், அறைக்குள் போனதும் சத்தம் ஏன் மாறுகிறது என்றெல்லாம் தோன்றுகிறதா? அப்படியென்றால் தாராளமாக மேலே படியுங்கள்.

கேம் கம்பெனியில என்னென்ன வேலை இருக்கு? எல்லாம் கோடிங்தானே?

இல்லை. நம் பக்கத்து எருது விடும் விழாவையே கேமாகச் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் எருது ஓட வேண்டும், குறைந்த விநாடியில் எல்லையைத் தொட்டால் பரிசு. முதலில் கேம் டிசைனர் விதிகளை எழுதுவார். ஆடுகிறவர் எருதா, எருதை வளர்த்தவரா? கூட்டம் கத்தினால் எருது வேகமெடுக்குமா, மிரளுமா? கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட் எருதைப் பல விதமாக வரைந்து காட்டுவார். கொம்புக்கு என்ன வண்ணம், கழுத்தில் எத்தனை சலங்கை என்பதெல்லாம் அங்கேயே முடிவாகும். 3டி மாடலர் அந்தப் படத்தைக் கணினியில் உருவமாக்குவார். ரிக்கிங் செய்பவர் உள்ளே எலும்புக்கூடு பூட்டுவார். நடை, ஓட்டம், மிரட்சி, வழுக்கல் என்று ஒவ்வொன்றுக்கும் அனிமேட்டர் அசைவு கொடுப்பார்.

லெவல் டிசைனர் தெருவை அமைப்பார். எங்கே குறுகுகிறது, எங்கே வளைகிறது, தடுப்பு எங்கே வருகிறது என்பது அவர் பொறுப்பு. தடுப்பில் மோதினால் என்ன ஆகும், ஆட்கள் எப்படி விலகி ஓடுவார்கள், விநாடிக் கணக்கு எப்போது நிற்கும் என்பதை புரோகிராமர் எழுதுவார். புழுதி கிளம்பியதும் விலை குறைந்த போன் திணறாமல் பார்த்துக்கொள்வது டெக்னிகல் ஆர்ட்டிஸ்ட். குளம்படியும் மேளமும் கூட்டத்தின் கூச்சலும் சவுண்ட் டிசைனரிடமிருந்து வரும். திரையில் தெரியும் எண்களும் பட்டன்களும் யூஐ டிசைனர் வேலை. எல்லாவற்றையும் உடைத்துப் பார்ப்பவர் டெஸ்டர். யார் எதை எப்போது முடிக்க வேண்டும் என்று இழுத்துப் பிடிப்பவர் புரொடியூசர். வெளியான பிறகும் புதுப் போட்டி, புது எருது என்று கேமை ஓட்டிக்கொண்டே இருக்க ஒரு குழு உண்டு.

சின்ன ஸ்டுடியோவில் ஒருவரே மூன்று வேலை பார்ப்பார். பெரிய இடத்தில் ஒருவர் மாதக்கணக்கில் தெருவோர வீடுகளை மட்டுமே செய்துகொண்டிருப்பார். என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கேம் டிசைனர் ஆக வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். புதியவர்களுக்கு மிகக் குறைவாகத் திறக்கும் கதவு அதுதான். கோடிங், 3டி, அனிமேஷன், சவுண்ட் என்று ஒரு கைத்தொழிலைப் பிடித்து உள்ளே வந்தவர்கள்தான் பெரும்பாலும் பிறகு டிசைனர் ஆகிறார்கள்.

பிளஸ் டூவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கல. அப்ப போச்சா?

போகவில்லை. காமர்ஸ் படித்த 3டி ஆர்ட்டிஸ்டுகள் இருக்கிறார்கள், உயிரியல் படித்த அனிமேட்டர்கள் இருக்கிறார்கள். புரோகிராமர் ஆக வேண்டுமென்றால் மட்டும் கணக்கு தேவை. எவ்வளவு தேவை என்பதைக் கீழே தனிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

எந்த காலேஜ்ல சேரணும்? கேம் டெவலப்மென்ட்னே ஒரு டிகிரி இருக்கா?

அந்தப் பெயரிலேயே பட்டம் தரும் தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் புரோகிராமராக வர அது அவசியமில்லை, சாதாரண கம்ப்யூட்டர் சயின்ஸ் போதும். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியும் தர்மபுரி செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு பொறியியலுக்கும் உண்டு, அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸும் பிசிஏவும் தாழ்ந்தவை என்று நினைக்காதீர்கள். அந்த மூன்று வருடத்தில் தினமும் கொஞ்ச நேரம் கேம் எஞ்சினில், அதாவது கேம் செய்யும் மென்பொருளில், உட்காருகிறவர், எதுவும் செய்யாத பிஇக்காரரை நேர்காணலில் தாண்டிவிடுவார்.

ஓவியப் பக்கம் போகிறவர்களுக்கு கவின்கலைப் படிப்பு நல்லது. ஏதாவது ஒரு பட்டம் முடித்த பிறகு கேம் டிசைனையே முறையாகப் படிக்க வேண்டுமென்றால், தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைனில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், போட்டி கடுமை.

பட்டமே வேண்டாம் என்று சொல்லும் யூடியூப் வீடியோக்களை நம்பிப் படிப்பை நிறுத்தாதீர்கள். திறமையைப் பார்த்து எடுக்கும் ஸ்டுடியோக்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் பட்டம் இல்லாத விண்ணப்பத்தை முதல் சல்லடையிலேயே ஒதுக்கும் நிறுவனங்களும் உண்டு. வெளிநாட்டு விசாவுக்கும் பெரும்பாலும் பட்டம் கேட்பார்கள்.

ஒரு இன்ஸ்டிட்யூட்ல லட்சக்கணக்குல ஃபீஸ் கேக்கிறாங்க. நூறு சதவீதம் வேலைன்னு சொல்றாங்க. சேரலாமா?

நூறு சதவீதம் என்ற பேச்சு வந்த உடனே எச்சரிக்கையாகுங்கள். நல்ல பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. அப்பா டிராக்டர் கடனோடு இந்தக் கடனையும் சேர்த்துத் தூக்கப் போகிறார் என்றால் நான்கு விஷயங்களைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். போன வருடம் முடித்த மாணவர்கள் செய்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள், ஆசிரியர் செய்தவற்றை அல்ல. அவர்களில் இரண்டு பேரிடம் நீங்களே பேசுங்கள். பாடம் எடுப்பவர் ஏதாவது ஒரு வெளிவந்த கேமில் வேலை செய்திருக்கிறாரா என்று பாருங்கள். நடுவில் விலகினால் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இதில் ஏதாவது ஒன்றுக்கு மழுப்பினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். 3டி உருவம் செய்யும் பிளெண்டர், கேம் எஞ்சின்களான கோடோ, யூனிட்டி எல்லாவற்றுக்கும் அவற்றை உருவாக்கியவர்களே எழுதிய இலவசப் பாடங்கள் இணையத்தில் இருக்கின்றன. இன்ஸ்டிட்யூட் தரக்கூடிய பெரிய நன்மை, கூடப் படிக்கிறவர்களும் வேலையைத் திருத்திச் சொல்லும் ஆசிரியரும்தான். அந்த இரண்டும் அங்கே இல்லையென்றால் எதற்குப் பணம் கட்டுகிறோம்?

எங்கிட்ட இருக்கிறது பழைய லேப்டாப்பு. தம்பிகிட்ட போன் மட்டும்தான். இதுல ஆகுமா?

பழைய லேப்டாப்பில் தொடங்கலாம். கோடோ எஞ்சின் சின்னது, கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினிலும் 2டி கேம் செய்ய ஓடும். பிளெண்டருக்குக் குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும். ராம் கூட்ட முடியும் லேப்டாப் என்றால் புதிது வாங்குவதற்கு முன் அதைச் செய்யுங்கள். அன்ரியல் எஞ்சினுக்கு மட்டும் 32 ஜிபி ராமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் பரிந்துரைக்கிறார்கள், அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

போனில் மட்டும் இந்தத் தொழிலைக் கற்பது கஷ்டம். ஆனால் வரைந்து பழகலாம், தாளில் விதி எழுதி வீட்டில் தாயக்கட்டை வைத்து ஆடிப் பார்க்கலாம். கல்லூரி லேபில் அனுமதி கேளுங்கள். கோடோவுக்கு இன்ஸ்டாலேஷன்கூட வேண்டாம், பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனாலே ஓடும்.

யூனிட்டியா, அன்ரியலா, கோடோவா? எதைக் கத்துக்கிறது?

இந்தியாவில் அதிகம் செய்யப்படுவது போன் கேம்கள், அவற்றில் யூனிட்டிதான் பரவலாக ஓடுகிறது. அதன் மொழி சி ஷார்ப். டிவியோடு இணைத்து ஆடும் பெரிய கன்சோல் கேம்களுக்கு அன்ரியல், அங்கே சி பிளஸ் பிளஸ் வேண்டும். கோடோ 2014 முதல் திறந்த மூல மென்பொருள், முற்றிலும் இலவசம், பைத்தான் மாதிரி எளிய மொழி. அன்ரியலும் கற்க இலவசம்தான். அதில் செய்த கேம் மொத்தம் 10 லட்சம் டாலரைத் தாண்டிச் சம்பாதித்த பிறகுதான் 5 சதவீதம் கேட்பார்கள்.

என் யோசனை: மெஷின் தாங்கினால் யூனிட்டி, தாங்காவிட்டால் கோடோ. எதுவானாலும் ஒன்றோடு ஆறு மாதம் இருங்கள். ஆனால் ஒரே எஞ்சினுக்கு வாழ்க்கையை எழுதிக்கொடுக்கவும் வேண்டாம். 2023 செப்டம்பரில் யூனிட்டி, ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று திடீரென்று அறிவித்தது. உலகம் முழுக்க டெவலப்பர்கள் கொதித்துப்போனதால், அடுத்த வருடம் செப்டம்பரில் யூனிட்டி அதைக் கைவிட்டது. அந்த நேரத்தில் பதறாமல் இருந்தவர்கள், அடிப்படை தெரிந்து எந்த எஞ்சினுக்கும் மாறக்கூடியவர்கள்தான்.

கணக்குன்னா எனக்குப் பயம். எவ்வளவு தெரியணும்?

ஆர்ட்டிஸ்ட், அனிமேட்டர், டெஸ்டர் என்றால் பயமே வேண்டாம். புரோகிராமர் என்றால் பதினொன்றாம் வகுப்பில் வரும் வெக்டரும் அணிகளும் திரிகோணமிதியும் கைக்குள் இருக்க வேண்டும். பள்ளியில் மார்க்குக்காக மனப்பாடம் செய்தது இங்கே கண்ணெதிரே வேலை செய்வதைப் பார்ப்பீர்கள்.

ஒரு உதாரணம். காவல்காரன் ஒருவன் நிற்கிறான், நீங்கள் பதுங்கி வருகிறீர்கள். அவன் உங்களைப் பார்த்துவிட்டானா என்று கேம் எப்படி முடிவு செய்கிறது? அவன் முகம் நோக்கும் திசை ஒரு வெக்டர். அவனிடமிருந்து உங்களை நோக்கும் திசை இன்னொரு வெக்டர். இரண்டையும் ஓரலகு நீளமாக்கிப் புள்ளிப் பெருக்கல் செய்யுங்கள். விடை மைனஸில் வந்தால் நீங்கள் அவன் முதுகுப் பக்கம். சுழியம் என்றால் சரியாகப் பக்கவாட்டில். 0.5க்கு மேல் என்றால் அவன் பார்வைக் கோட்டிலிருந்து 60 டிகிரிக்குள் இருக்கிறீர்கள், நடுவில் சுவர் இல்லாவிட்டால் மாட்டிக்கொண்டீர்கள். புரோகிராமர் நேர்காணல்களில் இந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். சூத்திரம் சொன்னால் போதாது, எதற்கு என்று சொல்லத் தெரிய வேண்டும்.

போர்ட்ஃபோலியோ, போர்ட்ஃபோலியோன்னு சொல்றாங்களே, அதுல என்ன வைக்கணும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். போர்ட்ஃபோலியோ என்றால் நீங்கள் செய்தவற்றை இணையத்தில் காட்டும் தொகுப்பு. உங்களை வேலைக்கு எடுப்பவர் உங்கள் பக்கத்தைப் பார்க்கப் போவது ஓரிரு நிமிடம். அந்த நேரத்தில் அவர் தேடுவது, இந்த ஆள் ஒன்றைத் தொடங்கி முடிப்பாரா என்பதைத்தான். பாதியில் நின்ற பெரிய திறந்தவெளி கேமைவிட, தொடக்கத் திரையும் முடிவுத் திரையும் சத்தமும் உள்ள ஐந்து நிமிடக் கேம் ஆயிரம் மடங்கு மேல்.

புரோகிராமர் என்றால் இரண்டு மூன்று சின்ன கேம்கள் போதும். இட்ச் ஐஓ தளத்தில் பிரௌசரிலேயே ஆடும்படி போடுங்கள், டவுன்லோடு செய்யச் சொன்னால் பாதிப் பேர் செய்ய மாட்டார்கள். நீங்கள் எழுதிய கோடு முழுவதையும் கிட்ஹப் என்ற தளத்தில் மற்றவர்கள் பார்க்கும்படி வையுங்கள். யூடியூப் பாடத்தைப் பார்த்து அப்படியே செய்த கேமை வைக்காதீர்கள், நூறு பேர் அதையே அனுப்புகிறார்கள். பாடத்தில் கற்றதை வைத்து உங்கள் ஊர் விஷயம் ஒன்றைச் செய்யுங்கள்.

3டி ஆர்ட்டிஸ்ட் என்றால், கலைஞர்கள் தங்கள் படைப்புகளைக் காட்டும் ஆர்ட்ஸ்டேஷன் தளத்தில் நான்கைந்து வேலைகள் வையுங்கள். அழகான படத்தோடு நிறுத்தாமல், கம்பி வலைத் தோற்றத்தையும் யூவி விரிப்பையும் (வண்ணம் பூச மாடலின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்த படம்) பாலிகன் எண்ணிக்கையையும் (மாடல் எத்தனை சின்னப் பட்டைகளால் ஆனது என்பது) காட்டுங்கள். கேமுக்குள் ஓடும் மாடலா என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். டிராகனும் வாளேந்திய வீரனும் எல்லோரிடமும் இருக்கிறது. வாரச்சந்தையில் தராசோடு இருக்கும் ஒரு தக்காளிக் கடை, துருப்பிடித்த ஒரு கிணற்று மோட்டார், ஒகேனக்கல் பரிசல் என்று கண்ணால் பார்த்ததைச் செய்தால் துருவும் அழுக்கும் தேய்மானமும் சரியான இடத்தில் விழும். சுமாரான வேலைகளை எடுத்துவிடுங்கள். பார்க்கிறவர் உங்களை மதிப்பிடுவது அங்கே இருப்பவற்றில் மோசமானதை வைத்து.

இங்கிலீஷ் சரளமா வராது. தமிழ் மீடியம். எடுப்பாங்களா?

எடுக்கிறார்கள். பெங்களூரு ஸ்டுடியோக்களில் தமிழ் மீடியம் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். பேச்சில் தடுமாறினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எழுத்தில் தெளிவு வேண்டும். செய்தியும் ஆவணமும் எல்லாம் ஆங்கிலத்தில்தான் ஓடும். நீங்கள் செய்த கேமைப் பற்றி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லி போனில் பதிவு செய்து கேளுங்கள். என்ன செய்தேன், எது கஷ்டம், எப்படித் தீர்த்தேன் என்ற மூன்றே விஷயம். இதை வாரம் ஒருமுறை செய்தால் நேர்காணலில் பாதிப் பயம் போய்விடும்.

முதல்ல டெஸ்டிங்ல சேர்ந்துட்டு அப்புறம் மாறிக்கலாம்னு சொல்றாங்க. அது சரியா?

சரியான வழிதான், தானாக நடக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். டெஸ்டிங் என்றால் நாள் முழுக்க ஜாலியாக ஆடுவது இல்லை. ஒரே தடுப்பில் ஒரே எருதை நூறு முறை மோதவிட்டு, எப்போது உள்ளே புகுந்துகொள்கிறது என்று பார்ப்பது. சம்பளம் மற்ற பிரிவுகளைவிடக் குறைவு, ஒப்பந்த முறையில் எடுப்பதும் இங்கேதான் அதிகம்.

இந்த வேலையின் உயிர் பிழை அறிக்கை. "கேம் ஹேங் ஆகுது" என்று எழுதினால் புரோகிராமருக்கு ஒன்றும் புரியாது. மேலே சொன்ன எருது கேமுக்கு நல்ல அறிக்கை இப்படி இருக்கும்: "இரண்டாவது தெரு, மழைக் காட்சி. எருது இடப்பக்கத் தடுப்பில் மோதும் அதே நேரம் ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனை அழுத்தவும். திரும்ப வந்ததும் நேரக்கணக்கு ஓட வேண்டும், ஓடவில்லை. 5 முறை செய்ததில் 3 முறை வருகிறது. 4 ஜிபி ராம் உள்ள போனில் மட்டும்." கூடவே கேமின் எந்தப் பதிப்பு என்று காட்டும் பில்ட் எண்ணும் வீடியோவும். இப்படி எழுதுகிறவரை எல்லாப் பிரிவினரும் பெயர் சொல்லி ஞாபகம் வைத்திருப்பார்கள். மாற நினைக்கிறவர்கள் வேலைக்குச் சேர்ந்த பிறகும் போர்ட்ஃபோலியோவை வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வருடம் ஆகியும் அதைத் தொடாமல் இருந்தால் மாறுவது கஷ்டமாகிவிடும்.

ஓசூர்லயே கம்பெனி இருக்காதா? பெங்களூரு போயே ஆகணுமா?

ஓசூரில் தொழிற்சாலை வேலை நிறைய இருக்கிறது. கேம் வேலைக்கு பெங்களூருதான். 1997ல் அங்கே தொடங்கிய துருவா இண்டராக்டிவ் இந்தியாவின் மூத்த கேம் நிறுவனங்களில் ஒன்று, 2019ல் ராக்ஸ்டார் அதை வாங்கியது. ராக்ஸ்டார் இந்தியா, ஜிங்கா, லக்ஷ்யா டிஜிட்டல் என்று பல நிறுவனங்களுக்கு பெங்களூருவில் அலுவலகம் இருக்கிறது. ஹைதராபாத்தும் புனேயும் அடுத்த மையங்கள்.

சென்னைப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒரு வசதி நமக்கு உண்டு. ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளி தாண்டினால் பொம்மசந்திரா, அங்கிருந்து 2025 ஆகஸ்ட் முதல் மெட்ரோவின் மஞ்சள் தடம் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியாக ஓடுகிறது. ஓசூரில் தங்கி வேலைக்குப் போய்வருவது முடியும், நான் செய்கிறேன். வாடகையும் குறைவு. ஆனால் அலுவலகம் வடக்கு பெங்களூருவில் இருந்தால் இது நடக்காது, வழியிலேயே நாள் போய்விடும். கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து தினமும் போய்வர முயல வேண்டாம், வார இறுதியில் வீட்டுக்கு வாருங்கள்.

யாரையும் தெரியாது. வேலை இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நிறுவனங்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களையும் லிங்க்ட்இன்னையும் வாரம் ஒருமுறை பாருங்கள். ஆள் பழக்கத்துக்குச் சிறந்த இடம் கேம் ஜாம். ஒரு தலைப்புக் கொடுத்து இரண்டு மூன்று நாளில் கேம் செய்து முடிக்கச் சொல்வார்கள். குளோபல் கேம் ஜாம் ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் நடக்கிறது, இட்ச் ஐஓவில் வாரந்தோறும் ஏதாவது ஜாம் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே உங்களோடு தூங்காமல் உழைத்தவர் நாளை ஒரு ஸ்டுடியோவில் இருப்பார், காலியிடம் வந்தால் உங்கள் பெயரைச் சொல்வார். முடித்த ஒரு கேமும் கையில் மிஞ்சும்.

யாருக்காவது செய்தி அனுப்பும்போது "வேலை வாங்கித் தாங்க" என்று மட்டும் எழுதாதீர்கள். அவர்கள் செய்த ஒன்றைக் குறிப்பிட்டு, உங்கள் லிங்க்கை வைத்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நிறையப் பேர் பதில் போடுவார்கள்.

வீட்ல இருந்தே கேம் டெஸ்டிங், தினமும் ரெண்டாயிரம்னு டெலிகிராம்ல வருது. டெபாசிட் மட்டும் கட்டணுமாம்.

மோசடி. கட்டாதீர்கள். வேலைக்குச் சேர உங்களிடம் பணம் கேட்கும் நிறுவனம் எதுவும் நிறுவனமே இல்லை. ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

ஆன்லைன் கேமையெல்லாம் தடை பண்ணிட்டாங்கன்னு டிவியில சொன்னாங்களே. இந்த வேலையில எம் பையனைச் சேத்து விடலாமாங்க?

இதைக் கேட்டது ஒரு அப்பா. அவர் கவலை நியாயமானது, சூதாட்டத்தில் பணம் போன குடும்பங்கள் நம் மாவட்டங்களிலும் இருக்கின்றன. ஐயா, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடை செய்தது பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை. ரம்மி, போக்கர் மாதிரியானவை. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸையும் பணம் வைக்காத கேம்களையும் ஊக்குவிக்கச் சொல்கிறது. கதையும் சாகசமும் புதிரும் உள்ள கேம்களைச் செய்யும் ஸ்டுடியோக்களுக்கும் அந்தத் தடைக்கும் சம்பந்தமில்லை. பையன் எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும், அது எப்படிப் பணம் சம்பாதிக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

பொண்ணை இதுக்கு அனுப்பலாமா? ராத்திரியெல்லாம் வேலைங்கிறாங்களே.

அனுப்பலாம்மா. நானே ஒரு பெண், இந்தத் துறையில்தான் இருக்கிறேன். சில அணிகளில் பெண்கள் குறைவு, அதனால் ஆரம்பத்தில் தனியாகத் தோன்றும். ஒரு கேம் வெளியாகும் முன் சில வாரங்கள் வேலை நீளும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்மையிலேயே உண்டு, அதை மறைக்க மாட்டேன். எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. போன கேம் முடிந்தபோது எத்தனை மணிவரை இருந்தீர்கள், இரவில் கேப் வசதி உண்டா என்று நேர்காணலிலேயே உங்கள் மகள் கேட்கலாம். கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளும் இடத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

ஏஐ வந்துடுச்சு, எல்லாரையும் வேலையை விட்டுத் தூக்குறாங்க. இனிமே இதைப் படிச்சு என்ன பண்றது?

ஆட்குறைப்பு உண்மை. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேமிங் பிரிவில் மட்டும் 1,900 பேரை நீக்கியது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூருவிலும் மும்பையிலும் அனிமேஷன், விஎஃப்எக்ஸ் (சினிமா காட்சி ஜாலங்கள்) கலைஞர்கள் ஒரே வாரத்தில் தெருவுக்கு வந்தார்கள். கொரோனா காலத்தில் கேம் விற்பனை ஏறியதை நம்பி அளவுக்கு மீறி ஆள் எடுத்ததும் வட்டி விகிதம் ஏறியதும் இதற்குப் பெரிய காரணங்கள். ஏஐயை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் ஏஐ ஒன்றும் செய்யாது என்றும் சொல்ல மாட்டேன். ஆரம்ப நிலை ஓவியம், எளிய ஐகான், திரும்பத் திரும்ப எழுதும் கோடு ஆகியவற்றில் ஆள் தேவை குறைந்துவருகிறது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஏஐ கொண்டு செய்ததை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2024 முதல் விதி இருக்கிறது, அதனால் பல ஸ்டுடியோக்கள் தயங்கவும் செய்கின்றன. போர்ட்ஃபோலியோவில் ஏஐ படத்தை உங்கள் படமாக வைத்தால், எப்படிச் செய்தாய் என்ற இரண்டாவது கேள்வியில் பிடிபடுவீர்கள். இந்த நிலையற்ற தன்மைக்காகத்தான் பட்டத்தை விடாதீர்கள் என்று முன்னால் சொன்னேன். சி ஷார்ப், சி பிளஸ் பிளஸ், 3டி எல்லாமே வேறு துறைகளுக்கும் ஆகும். ஓசூர் ஆலைகளுக்கே பயிற்சி சிமுலேஷன் செய்ய இதே திறமைதான் வேண்டும்.

வேலையே வேணாம்க்கா. நானே கேம் செஞ்சு வித்தா?

செய்யுங்கள், ஆனால் முதல் கேமில் சாப்பாடு வரும் என்று எண்ணாதீர்கள். செலவுக் கணக்கு இது. கூகுள் பிளேயில் ஒரே ஒருமுறை 25 டாலர். புதிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் வெளியிட விடுவார்கள், நண்பர்களை முன்கூட்டியே பிடித்துவையுங்கள். ஆப்பிளில் வருடத்துக்கு 99 டாலர். ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர், அது 1,000 டாலர் சம்பாதித்தால் திரும்பக் கிடைக்கும். ஸ்டீம் விற்பனையில் பொதுவாக 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது.

என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு எப்போதும் 'வெண்பா' என்ற கேமைச் சொல்வேன். கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்டது. 1980களில் கனடா போன தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேடு, இட்லியும் பிரியாணியும், அவ்வளவுதான் கதை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். 2024ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குக் கிடைத்தது. நம் மண்ணில் ஊருக்கு ஊர் நடுகல் நிற்கிறது, ஆநிரை மீட்கப் போய் மாண்டவர்களின் கதை அதில் செதுக்கியிருக்கிறது. தர்மபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாகப் பார்க்கலாம். விடிய விடிய ஆடும் தெருக்கூத்து இருக்கிறது. இதையெல்லாம் கேமாக்க வெளியூரிலிருந்து யாரும் வரப்போவதில்லை என்று எனக்கு உள்ளூர ஆதங்கம் உண்டு. பாட்டு, படம், எழுத்துரு எதையும் உரிமை பார்க்காமல் எடுத்துப் போடாதீர்கள், கடையிலிருந்தே தூக்கிவிடுவார்கள்.

ஆர்ட் டெஸ்ட்னு ஒரு வாரம் வேலை வாங்கினாங்க. இன்னொரு இடத்துல ரெண்டு வருஷ பாண்ட், ஒரிஜினல் சர்டிஃபிகேட் கேக்கிறாங்க. என்ன பண்ண?

தேர்வு வைப்பது இந்தத் துறையில் வழக்கம். இரண்டு மூன்று நாளில் முடியும் தேர்வு, அவர்களுடைய கேமில் நேரடியாகப் பயன்படாத ஒரு பொருள் என்றால் செய்யலாம். ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தாலோ, கேமில் அப்படியே போடக்கூடிய ஐந்தாறு மாடல் கேட்டாலோ, சம்பளம் உண்டா என்று மரியாதையாகக் கேளுங்கள். முடித்ததை போர்ட்ஃபோலியோவில் வைக்கலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பாண்டில் கையெழுத்திடும் முன், விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், அவர்கள் நீக்கினாலும் நாம் கட்ட வேண்டுமா என்ற இரண்டு வரியைத் தேடிப் படியுங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், ஒரிஜினலை விட்டுவிட்டு வராதீர்கள். சம்பளக் கடிதத்தில் வருடத் தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், பிஎஃப் எல்லாம் போக மாதம் கைக்கு எவ்வளவு என்று எண்ணாகக் கேளுங்கள்.

மூணு வருஷமா ஐடியில இருக்கேன். இப்ப இதுக்கு மாறினா சம்பளம் குறையுமா?

ஆட்டம் எப்படி நடக்கும் என்பதை எழுதும் கேம்பிளே புரோகிராமராகப் புதிதாகத் தொடங்கினால் பெரும்பாலும் குறையும். அதே அனுபவத்துக்கு ஐடி நிறுவனம் கூடுதலாகக் கொடுப்பது வழக்கம். குறையாமல் மாற ஒரு வழி இருக்கிறது. போன் கேம் நிறுவனங்களுக்கு சர்வர், டேட்டாபேஸ், பில்ட் ஆட்டோமேஷன், டேட்டா அனலிட்டிக்ஸ் ஆட்கள் எப்போதும் தேவை, அங்கே உங்கள் மூன்று வருடமும் அப்படியே செல்லும். உள்ளே போன பிறகு கேம்பிளே அணிக்கு மாறுவது வெளியிலிருந்து வருவதைவிட எளிது.

எதுவானாலும் முதலில் வார இறுதிகளில் ஒரு சின்ன கேமை முடித்துப் பாருங்கள். மூன்று மாதம் கழித்தும் சனிக்கிழமை காலையில் அதைத் திறக்க ஆசையாக இருந்தால் தேடத் தொடங்குங்கள். இருக்கும் வேலையை ஆஃபர் கடிதம் கைக்கு வரும்வரை விடாதீர்கள். ஐடியில் நோட்டீஸ் காலம் 90 நாள் வரை இருக்கும், கேம் ஸ்டுடியோக்கள் அவ்வளவு நாள் காத்திருக்கத் தயங்குவார்கள். அதனால் முதல் நேர்காணலிலேயே அதைச் சொல்லி, எத்தனை நாளில் வர முடியும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.